ஏ போட்ட இடத்தில் ஈ

என் அண்ணி யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?"

வணக்கம் கிடையாது, நலமா என்ற விசாரிப்பு கிடையாது. கதவைத் திறந்தவர் பட்டறை முதலாளியா, பள்ளிக்கூடத்து ஆசிரியையா என்ற பேதமும் கிடையாது. கேட்ட கையோடு கட்டைவிரலால் அவர்களுடைய கீழ் இமையை இழுத்து, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சிரிப்பு. அதற்கும் பிறகுதான் "எப்படி இருக்கீங்க?"

இருபத்தாறு வருடமாக இதுதான் வேலை. சுகாதார அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. தெருவில் அவர் 'கலர் அக்கா'. தூரத்தில் சைக்கிள் தெரிந்ததுமே பட்டறைக்காரர்கள் குரல் கொடுப்பார்கள்.

"தண்ணி மாதிரி போகுது அக்கா! சத்தியமா!"

"சத்தியத்தை நீயே வச்சுக்க. கண்ணைக் காட்டு."

நான் அவருடைய கடைசிக் கொழுந்தன். பதினோரு வருடமாக வேறொரு நாட்டில், வேறொரு மொழி பேசும் அலுவலகத்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து எதிர்பாராமல் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அண்ணிக்கு இது தெரியும். அதனால் எப்போது கூப்பிட்டாலும் "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அப்படிச் சொல்லாமல் அவர் தொடங்கிய அழைப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் என் தங்கையின் உயிரும் அவள் வயிற்றில் இருந்த பிள்ளையின் உயிரும் சம்பந்தப்பட்டிருந்தன.

அண்ணி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது, எல்லாரையும் போலக் காமாலை என்றால் ஒரே நோய் என்றுதான் நினைத்திருந்தார். தெருத் தெருவாக நடந்துதான் கற்றுக்கொண்டார். ஒருமுறை எனக்குப் பாடம் எடுத்தார்.

"கிருமியால வர்ற காமாலைங்கறது குடும்பப் பேரு தம்பி. அந்தக் குடும்பத்துல அஞ்சு பிள்ளைங்க. ஏ இருக்கே, அது சின்னப் பசங்களோடயே சுத்தும். கை கழுவாத கை, கெட்ட தண்ணி, அது போதும் அதுக்கு. வந்து ரெண்டு வாரம் படுக்க வச்சுட்டுப் போயிடும். பாதிப் பசங்களுக்கு வந்ததே தெரியாது. பி, சி ரெண்டும் ரத்தத்துல வர்ற ஆளுங்க. ஊசி, பிளேடு, அந்த வழி. பி-க்கு இன்னும் ரெண்டு வாசல் உண்டு, புருஷன் பொண்டாட்டி, தாய் பிள்ளை. டி ஒரு ஒட்டுண்ணி, மச்சானை விட்டு நகராத ஆளு மாதிரி. பி இருக்குற உடம்புக்குத்தான் வரும்."

"ஈ?"

"அது தண்ணியில வரும். வாலிப வயசுக்காரங்களைப் பிடிக்கும். பெரும்பாலும் தானா சரியாயிடும். ஆனா மாசமா இருக்குறவங்களைப் பிடிச்சா..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, "அதுவும் கடைசி மூணு மாசத்துல பிடிச்சா, நாலு பேர்ல ஒருத்தரைக் கூடக் கொண்டு போயிடும்" என்றார்.

யாருக்கு வருகிறது என்று பார்த்தாலே, என்ன வருகிறது என்பது பாதி தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் கண் மஞ்சளானபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் கிளம்பியவர்களைத் தடுத்து, "தொட்டியை விடுங்க, அந்த மெஷின் ரூமைப் பாருங்க" என்று சொன்னவர் அவர்தான். இன்னொரு சமயம், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர்கள் வரிசையாக ஏ வந்து படுத்தார்கள். பிள்ளைகளுக்கு வருவது பெரியவர்களுக்கு எப்படி வந்தது என்று எல்லாரும் விழித்தார்கள். "சின்ன வயசுல சுத்தமான தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க சார். நம்மளை மாதிரி அஞ்சு வயசுலயே வாங்கி முடிச்சிருந்தா இப்ப வராது. வயசாகி வந்தா கொஞ்சம் முரட்டுத்தனமா வரும்" என்றார்.

இதற்கெல்லாம் அவரிடம் இருந்த கருவி ஒரு நீளமான நோட்டு. நோயாளி குழந்தை என்றால் அதில் ஒரு புள்ளி வைப்பார். பெரியவர் என்றால் ஒரு கோடு. கர்ப்பிணி என்றால், நோய் இல்லாவிட்டாலும், வட்டம். தெருவுக்கு ஒரு வரி. மாதக் கடைசியில் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கோலப் புத்தகமா என்று கேட்டு என் அண்ணன் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த வருடம் நோட்டில் இருந்த வட்டங்களில் ஒன்று என் தங்கை.

அவளுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். காரணம் பழையது. தங்கையின் கல்யாணத்தன்று, மணக்கோலத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையின் கண் கொஞ்சம் பழுப்பாகத் தெரிகிறதே என்று, நூறு பேர் பார்க்க, அண்ணி அவர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டார். கேள்வியையும் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வெல்டர், இரண்டு நாள் தொடர்ந்து பட்டறையில் நின்ற கண் அது. அவர் சிரித்துவிட்டார். என் தங்கை வெகுகாலம் சிரிக்கவில்லை.

"கல்யாணப் போட்டோவுல பதினாறாவது படம் என்ன தெரியுமா? என் புருஷன் கண்ணுக்குள்ள அண்ணியோட விரல்."

அவர்கள் குடியிருந்தது பட்டறைத் தெருவில், வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில். கீழே நாள் முழுக்க இரும்பு அறுக்கும் சத்தம். தெருவுக்கே ஒரு பொதுக்குழாய். பட்டறை ஆட்கள் அதில் கையைக் குவித்துக் குடிப்பார்கள். மேலே அவள் அடுப்படிக்கு வருவதும் அதே தண்ணீர்தான். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

மழை ஓய்ந்த மூன்றாவது வாரம், பள்ளிக்கூடத் தெருவிலும் பட்டறைத் தெருவிலும் ஒரே நேரத்தில் கண்கள் மஞ்சளாகத் தொடங்கின. பத்து நாளில் நாற்பத்து மூன்று பேர். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். எல்லாருடைய ரத்தமும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. தாளில் முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்பதால், அவசரத்துக்குப் போனிலேயே சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அலுவலகத்தில் அந்த போன், தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் திரும்பும் இடம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு அண்ணி எழுதினார். ஒவ்வொரு ரத்தக் குப்பிக்கும் ஓர் எண். பெயர்கள் மாடியில் கணினியில்.

"பதினேழு?"

"ஏ!" என்றாள் பரிசோதனைக் கூடத்துப் பெண். லாரிச் சத்தத்துக்கு மேல் கத்தவேண்டியிருந்தது.

"பதினெட்டு?"

"ஏ!"

"எதுக்குங்க சும்மா ஏ, ஏன்னு அதட்டுறீங்க? நானும் மனுஷிதானே?"

"அய்யோ அக்கா, ரிசல்ட் சொல்றேன்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அண்ணி எழுதினார். வேகமாக எழுதும்போது அவர் கைக்குத் தமிழ்தான் வரும். காதில் விழுந்ததை விழுந்தபடியே, ஏ, ஏ, ஈ, ஏ என்று அழகான கையெழுத்தில் நாற்பத்து மூன்று வரி எழுதி, தாளைக் கிழித்து மாடிக்கு அனுப்பினார். கார்பன் நகல் நோட்டில் தங்கியது.

மாலைக்குள் அச்சடித்த பட்டியல் கீழே வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் அதை மேசையில் விரித்து எல்லாரையும் கூப்பிட்டார். இருபத்து நான்கு பேருக்கு ஈ. அத்தனையும் பள்ளிக்கூடத் தெரு. பதினைந்து பேருக்கு 'வகை தெரியவில்லை'. அவர்கள் பட்டறைத் தெரு. இரண்டு பேருக்கு பி. இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை.

"ஈன்னா விளையாட்டு இல்ல. பள்ளிக்கூடத் தெருவுல கர்ப்பிணிங்க எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் சார்" என்றார் அண்ணி. "பட்டறைத் தெருவுல நாலு."

"முதல்ல அந்த ரெண்டு பேரைப் பாருங்க. தண்ணி டேங்கர் பள்ளிக்கூடத் தெருவுக்குப் போகட்டும். குழாயை அங்க தோண்டச் சொல்லுங்க. பட்டறைத் தெருவை அடுத்த வாரம் பார்ப்போம்."

பட்டறைத் தெருவில் ஈ இல்லை என்று ஆனதும் தன் மனதுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்தது என்று அண்ணி பின்னால் சொன்னார். அது நிம்மதி. அன்று மாலை எனக்கும் அதைப் பங்கு வைத்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. மாப்பிள்ளைக்குக் காமாலை, வகை தெரியலைன்னு வந்திருக்கு. பெருசு பள்ளிக்கூடத் தெருவுலதான். நம்ம சின்னவ பக்கம் இல்ல."

நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணி தன் நோட்டை எடுத்து அச்சுப் பட்டியலைப் பார்த்துப் புள்ளிகளும் கோடுகளும் போடத் தொடங்கினார். பள்ளிக்கூடத் தெரு, ஈ: ஏழு வயது, புள்ளி. ஆறு வயது, புள்ளி. ஒன்பது, புள்ளி. இருபத்து நான்கு புள்ளிகள். ஒரு கோடு கூட இல்லை. பட்டறைத் தெரு, வகை தெரியவில்லை: பத்தொன்பது வயது, கோடு. இருபத்து நாலு, கோடு. முப்பத்தொன்று, கோடு. பதினைந்தும் கோடு. ஒரு புள்ளி கூட இல்லை.

காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். தன் புத்தியும் அப்படித்தான் ஆகிவிட்டதோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்திருக்கிறார். ஈ ஒரு தெருவுக்குள் வந்து, அப்பனையும் ஆத்தாளையும் பெரிய அண்ணனையும் விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பை மட்டும் தேடிப் பிடித்ததை அவர் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. பட்டறைத் தெருவின் பதினைந்து கோடுகளோ, 'நான்தான் ஈ, நான்தான் ஈ' என்று கத்திக்கொண்டிருந்தன.

கார்பன் நகலைப் புரட்டினார். பதினேழாம் எண்: அவர் கையில் ஏ. அச்சில் E. பத்தொன்பதாம் எண்: அவர் கையில் ஈ. அச்சில் 'வகை தெரியவில்லை'. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே இருந்தது.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே கணினிக்கு முன்னால் இருப்பவரை எல்லாரும் 'டைப்பு சார்' என்பார்கள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கிக் கணினிக்கு வந்தவர். அடித்ததில் பிழை என்று யாரும் அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

"சார், இந்தப் பதினேழாம் நம்பர். நான் என்ன எழுதியிருக்கேன்?"

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஏ எழுதியிருக்கீங்க. முத்து முத்தான எழுத்து."

"நீங்க என்ன அடிச்சிருக்கீங்க?"

"E. ஏன்?"

"ஏ-க்கு எதுக்கு சார் E போட்டீங்க?"

"வேற என்னம்மா போடுவாங்க? முப்பது வருஷமா ஊர்ல உள்ள பேரெல்லாம் நான்தான் இங்கிலீஷ்ல அடிக்கிறேன். ஏணின்னு ஒருத்தனுக்குப் பேர் இருந்தா, E போட்டுத்தானே தொடங்கணும்? A போட்டா அது ஆணி ஆயிடாதா?"

அண்ணி பத்தொன்பதாம் எண்ணில் விரலை வைத்தார். "அப்ப ஈ-க்கு?"

"ஈ-க்கு I. இஞ்சிக்கும் I, ஈட்டிக்கும் I. ஆனா I அடிச்சா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. அப்படி ஒரு வகை இல்லைங்குது. சரின்னு 'தெரியவில்லை'ன்னு போட்டேன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஏம்மா, நீங்க எழுதினது தமிழ் ஏ இல்லையா?"

"இங்கிலீஷ் A சார். காதுல விழுந்ததைத் தமிழ்ல எழுதிட்டேன்."

டைப்பு சார் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், விசைப்பலகையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கடவுச்சீட்டில் என் அப்பாவின் பெயர் அந்த E-யில்தான் தொடங்குகிறது. அந்தத் தாள் என் கைக்கு வந்திருந்தால், நானும் E என்றுதான் அடித்திருப்பேன்.

அப்போதுதான் அண்ணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் எழுத்தால ஒரு தப்பு நடந்துபோச்சு. ஈ சின்னவ தெருவுலதான் இருக்கு. ரெண்டு நாளா அவ அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கா." அவ்வளவுதான் சொன்னார். "டாக்டர்கிட்ட போறேன்" என்று வைத்துவிட்டார். என் அலுவலகத்தில் நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததாகப் பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார்.

டாக்டரின் அறையில் அண்ணி நோட்டை விரித்து வைத்துச் சொல்லி முடித்தார். பட்டியல் மேலிடத்துக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத் தெருவில் குழி தோண்டியாகிவிட்டது.

"எழுதினது நான் சார்" என்றார் அண்ணி.

பின்னாலேயே மூச்சு வாங்க இறங்கி வந்த டைப்பு சார், "அடிச்சது நான் சார்" என்றார்.

"யார் எழுதினா, யார் அடிச்சாங்கறது கிடக்கட்டும்" என்றார் டாக்டர். "முதல்ல போனைப் போட்டு நாப்பத்து மூணையும் மறுபடி கேளுங்க. அப்புறம், டேங்கர் இப்ப எங்க நிக்குது?"

அண்ணி ஜன்னலோரம் போய் நின்றார். இந்தமுறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

"பதினேழு. ஆப்பிள் ஏவா, எலிபன்ட் ஈயா?"

"ஆப்பிள் ஏ" என்றாள் அந்தப் பெண். "பதினெட்டும் ஆப்பிள். பத்தொன்பது எலிபன்ட். அக்கா, முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்" என்றார் அண்ணி.

ஆப்பிள் இருபத்து நாலு. யானை பதினைந்து. அரை மணி நேரத்தில் டேங்கர் பட்டறைத் தெருவுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடத் தெருவில் செய்தது ஒன்றும் வீணில்லை. ஏ-யும் அசுத்தத் தண்ணீரில் வருவதுதான், அங்கே கைகழுவும் குழாயில் சோப்பே இல்லை என்பது தோண்டப்போன இடத்தில்தான் தெரிந்தது. பட்டறைத் தெருவில் மறுநாள் காலை தோண்டினார்கள். சாக்கடைக்கு அடியில் குடிநீர்க் குழாய் தாழ்ந்து போகும் இடத்தில், இரும்பு ஏற்றிய லாரிகள் ஏறி ஏறி, இணைப்பு விலகிக் கிடந்தது. குழாய்காரர் அதைக் கையில் எடுத்துக் காட்டியபோது யாரும் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, டேங்கர் திரும்பிய அதே மாலை, அண்ணி நான்கு வட்டங்களின் வீட்டுக்கும் போய்விட்டிருந்தார். கடைசி வீடு என் தங்கையுடையது.

"வகை தெரியலைன்னு சொன்னீங்க?"

"தெரிஞ்சிடுச்சு. பையில துணி எடுத்து வை. நம்ம வீட்டுக்குப் போறோம்."

"உங்க வீட்டுக்கா? நான் இங்கயே தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிச்சுக்கறேன்."

"வைப்பே. இன்னைக்கு வைப்பே. நாளைக்கு மறப்பே. நாளன்னைக்குக் கால் வலிக்குதுன்னு படுத்துக்குவே. உன்னை எனக்குத் தெரியாதா மகாராணி?"

கட்டிலில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை பேச்சில் புகுந்தார். "நீ கிளம்பு. எனக்கு வந்துடுச்சு, இனி போகவேண்டியதுதான் பாக்கி. உனக்கு வரக்கூடாது." பிறகு அண்ணியைப் பார்த்து, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் இழுத்துப் பாத்தீங்களே, இப்ப பாருங்க அக்கா. நல்லா மஞ்சளா இருக்கு" என்று தானாகவே இமையை இழுத்துக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு நாள் முந்தியே வந்திருக்கணும். என் எழுத்தைத் தப்பாப் படிச்சுட்டாங்க. அப்படி எழுதினது என் தப்பு."

தங்கை அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "உங்க கையெழுத்து நல்லாத்தானே இருக்கும்?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் தெளிவாத் தப்பாப் படிச்சாங்க."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு பையை எடுத்தாள். அண்ணி முன்னால் அவள் சிரிப்பை அடக்கியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல்முறை என்கிறார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. குடித்த தண்ணீரைத் திருப்பி எடுக்க முடியாது. ஈ உடம்புக்குள் போனால் வெளியே தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், பத்து வாரமும் ஆகலாம். அண்ணி அடுப்படிச் சுவரில் ஒரு தாளை ஒட்டிப் பத்துக் கட்டம் போட்டார். வாரம் முடிந்தால் ஒரு கட்டத்தை அடிப்பார். தினமும் காலையில் முதல் வேலை, கேள்வி. அடுத்த வேலை, இமை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம்.

நான் இங்கிருந்து கண்டதையெல்லாம் படித்தேன். ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் பயந்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டேன்.

"தம்பி, உன் போனைக் கண்டாலே அவளுக்குப் பிரஷர் ஏறுது. ஒரு தடவை கூப்பிடு போதும்."

நான்காவது கட்டத்தில் ஒருநாள், தங்கை குளியலறையிலிருந்து "அண்ணி!" என்று கத்தினாள். மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, பளபளவென்று மின்னும் மஞ்சள். முந்தின நாள் வாந்தி வேறு. அண்ணி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளை ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அண்ணி நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. வந்த நர்ஸ் கேட்டாள்:

"புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"முந்தாநாள் சத்து மாத்திரை மாத்திக் கொடுத்தாங்க."

"அதான். வைட்டமின் மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும். எங்க, இதெல்லாம் தெரிஞ்சவங்க யாரும் வீட்டுல இல்லையா?"

தங்கை மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாக ஊருக்கே கலர் சொல்பவர், நடைபாதை நடுவில் இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்து அன்றோடு அந்தப் பதினாறாவது போட்டோ விவகாரம் முடிந்தது.

எல்லாமே அப்படிச் சிரிப்பாக முடிந்துவிடவில்லை. நான்கு வட்டங்களில் ஒருத்திக்கு வந்தது. கடைசல் பட்டறைக்காரரின் மனைவி, எட்டாம் மாதம். குழாயைச் சரிசெய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாளைக் கணக்கிட்டுப் பார்த்தால், பட்டியல் தப்பாகப் போன அந்த இரண்டு நாளுக்கும் முன்பே அவள் உடம்புக்குள் அது போயிருக்க வேண்டும். டாக்டரும் அதையே சொன்னார். அண்ணி அந்தக் கணக்கைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. கண்ணைத் தினமும் பார்க்கச் சொல்லியிருந்ததால், மஞ்சள் தெரிந்த அன்றே அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பதினோரு நாள் அண்ணி வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போனார். ஐந்தாம் நாள் அவளுக்கு நினைவு தடுமாறியது. ஏழாம் நாள் அண்ணியை அடையாளம் தெரிந்து, "அக்கா, நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், இன்னும் டீ கலர்தான்" என்றாள். பெண் குழந்தை, கொஞ்சம் முன்கூட்டியே பிறந்தது. உள்ளங்கை அளவுதான் இருந்தது என்றார் அண்ணி. தாயும் பிள்ளையும் வீடு திரும்பிவிட்டார்கள். மாப்பிள்ளையும் மற்ற பட்டறைக்காரர்களும் அதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போயிருந்தார்கள்.

தலையெழுத்தை மாற்ற முடியாது என்பார்கள். பட்டியல் எழுத்தை மாற்றலாம் என்று டைப்பு சார் முடிவு செய்தார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவர் கடைசியாகத் தயாரித்தது ஒரு படிவம். அதில் எழுத்தே எழுத வேண்டாம். ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்: ஆப்பிள், பந்து, பூனை, நாய், யானை. பார்த்து டிக் போட்டால் போதும். பக்கத்து அலுவலகங்களும் அதைக் கேட்டு வாங்கிப்போயின. எல்கேஜி படிவம் என்று கேலி செய்தவர்களும் டிக் போடுகிறார்கள்.

பத்தாவது கட்டத்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது, என் தங்கைக்கு மகன் பிறந்தான். மூன்று கிலோ. கடைசி ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஒரு போட்டோ அனுப்பினார். நீல வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணைக் கட்டிக்கொண்டு, அம்மணமாக ஒரு சின்ன உருவம். கீழே ஒரே வரி: 'கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறான்.'

என் உள்ளங்கை நனைந்தது. நான் கூப்பிடுவதற்குள் போன் அடித்தது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார் அண்ணி.

"மஞ்சளா இருக்கானாமே!"

"பாதிக்கு மேல பச்சைக் குழந்தைங்க மூணாம் நாள் மஞ்சளாத்தான் இருக்கும். ஈரல் இப்பத்தானே வேலைக்குச் சேர்ந்திருக்கு, பழக வேண்டாமா? இது கிருமி இல்ல தம்பி. ரெண்டு நாள் அந்த வெளிச்சத்துல கிடந்தா போயிடும். டாக்டரும் பாத்துட்டாங்க, நானும் பாத்துட்டேன்."

"அப்ப இது என்ன எழுத்து?"

"இதுக்கு எழுத்தே கிடையாது. டைப்பு சாருக்குக் கூடத் தப்பு பண்ண வழியில்ல."

எனக்கு மூச்சு சீரானது. அப்போது போனில் பின்னாலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டிலுக்கு அன்று காலை வந்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தெருங்க நீங்க? தண்ணி கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறீங்க? தப்பா நினைக்காதீங்க, ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?"

அண்ணியின் காதிலும் அது விழுந்தது.

"கேட்டியா தம்பி? கேள்வி சரியாத்தான் கேக்கறா" என்றார். "ஆனா பாரு, கண்ணை இழுத்துப் பாக்காம விட்டுட்டா. இரு, காட்டிக் கொடுத்துட்டு வர்றேன்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.